ஒரே செட் பேட்

நூலகத்தில் எடுத்த நாவல்.
அட்டையில் இரண்டு ஆண்கள்,
கழுத்துக்கு மேலே இல்லை.
முதுகோடு முதுகு சேர்த்து நிற்கிறார்கள்
ஜிம் விளம்பரத்துக்கு வந்தவர்கள் போல.

யீஷூனில் ஏறி நியூட்டன் வருவதற்குள்
முத்தமிட்டுவிட்டார்கள்.
அதுவரை பகைவர்களாம்.
ஒரே அணி, பத்தாம் எண் சட்டை ஒன்றுதான்.
பகை என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது,
எண்ணினேன்.
பகை எங்கேயும் வரவில்லை.

மழை வருகிறது.
கதாசிரியருக்கு வேண்டும்போதெல்லாம் வருகிறது.
எங்களுக்கு மழை என்றால்
மின்னல் எச்சரிக்கை, சைரன்,
கூரைக்குக் கீழே நாற்பது நிமிடம்
ஈரக் காலுறையைப் பிழிந்துகொண்டு
யாரும் யாரையும் பார்க்காமல்.

சரி, சொல்லிவிடுகிறேன்.
பாலிடெக்னிக் ஹாக்கி அணி.
இரண்டு கோல்கீப்பர்கள், ஒரே செட் பேட்.
முதல் பாதி கிரண்ஜித். இரண்டாம் பாதி நான்.
கோச் முகம் சுளித்தால்
இரண்டாம் பாதியும் கிரண்ஜித்.

இடைவேளையில் அவன் கழற்றுவான்,
நான் மாட்டுவேன். பேசமாட்டோம்.
நெஞ்சுக் கவசத்தின் உள்பக்கம்
அவன் வேர்வையில் ஊறி இன்னும் சூடாக இருக்கும்.
என் பனியன் அதைக் குடிக்கும்.
ஹெல்மெட்டுக்குள் அவன் மூச்சு,
அவன் சப்பிய ஹால்ஸ்.
பேட்டின் வார் அவன் காலுக்கு இறுக்கியிருக்கும்,
ஒரு துளை தள்ளி மாட்டவேண்டும்.
மூன்று வருடம்
ஒரு துளை தள்ளி மாட்டினேன்.

இதையெல்லாம் விட்டுவிட்டு அந்த ஆள் எழுதுகிறார்,
‘அவன் கண்களில் ஒரு கடல்.’

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒருவன் மற்றவனுக்காக
இடத்தை விட்டுக்கொடுக்கிறான்.
காதல் என்றால் விட்டுக்கொடுப்பதாம்.
யார் சொன்னது?

செங்காங் மைதானத்தில் அவன் விரல் முறிந்த அன்று
எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி.
சுத்தமான மகிழ்ச்சி,
கோல் அடித்தவனுக்கு வருமே, அது.
கோல்கீப்பருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
பிறகுதான் அவன் கையுறையை
விரல் விரலாக உருவினேன்.
அவன் கத்தவில்லை. என் தோளைக் கடித்தான்.
அதே கையுறையைப் போட்டுக்கொண்டு
நான்கு பந்து தடுத்தேன்.
ஆம்புலன்ஸ் போனதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாவலில் அம்மா உடனே கட்டிக்கொள்கிறாள்.
கோச் கைதட்டுகிறார்.
அந்த ஊரில் சட்டப்புத்தகமே இல்லை போலிருக்கிறது.
எங்களுக்கு இருந்தது.
அது போதாதென்று தேசிய சேவைக் கடிதமும் வந்தது.
அவன் ஜனவரியில் தெக்கோங் போனான்,
நான் ஏப்ரலில்.
படகில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது.
அவன் உட்கார்ந்த இடமாக இருக்கும் என்று
நானாகவே முடிவு செய்து
பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன்.

இவ்வளவு திட்டுகிறவன்
இந்தப் புத்தகத்தை இரண்டு முறை புதுப்பித்திருக்கிறேன்.
எண்பத்தேழாம் பக்கம்தான் காரணம்.
தப்பித்தவறி விழுந்த ஒரு வரி:
‘அவன் இன்று வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே
வாசலைப் பார்த்தபடி இருந்தான்.’
கீழே பென்சிலால் யாரோ கோடு போட்டு
அழித்திருக்கிறார்கள்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது.
என் கோடு இல்லை.

இன்று கடைசி நாள்.
திருப்பிப் போடும் பெட்டியின் முன்னால் நிற்கிறேன்,
பாதிப் புத்தகம் உள்ளே, பாதி கையில்.
பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு பெண்.
குழந்தையின் மடியில் ஏழெட்டுப் படப்புத்தகங்கள்.
“அங்கிள், போடுறீங்களா இல்லையா?”